எய்டெட் ஸ்கூலில் படித்த தம்பிக்கு என்ஜினீயரிங் சீட்: ஏஜெண்டை நம்பலாமா?

குளச்சல் அக்கா:
தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், தமிழ் மீடியம். கணக்கில் 78, இயற்பியலில் 71, வேதியியலில் 75. அப்பா வள்ளத்தில் போகிறார், அம்மா மீன் விற்கிறாள். நான் நர்சிங் டிப்ளமோ முடித்து நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு சிவில் மேல் ஆசை. எங்கள் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் போட்ட நாட்களில் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டான்.

இப்போது ஒரு ஏஜெண்ட் வந்து, "கவுன்சிலிங்குக்கு அலைய வேண்டாம், நேரா சீட் வாங்கித் தாரேன், ஃபீஸ அரசாங்கமே கட்டிரும், சர்டிபிகேட்ட மட்டும் தாங்க" என்கிறார். தம்பி படித்தது சர்ச் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில். என்ஜினீயரிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருகிற 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்கு உண்டா? உள்ளே போனால் இங்கிலீஷில் தாக்குப்பிடிப்பானா?

தக்கலை கணக்கு வாத்தியார்:
சர்டிபிகேட்டைக் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி. ஒரிஜினல்களைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. ஏஜெண்ட் கையில் அது எதற்கு? அவர் சொல்கிற நேரடி சீட் மேனேஜ்மென்ட் கோட்டா, கல்லூரி நிர்வாகமே நிரப்புகிற இடம். அதில் சேர்ந்தால் அரசு ஃபீஸ் கட்டாது.

7.5 சதவீதம் தம்பிக்குக் கிடையாது. 2021-இல் வந்த அந்தச் சட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் பக்கத்தில் இருப்பது எய்டெட் பள்ளிதான். பள்ளியை நடத்துவது சர்ச் என்பதால் கடலுக்குப் போகிறவர் வீட்டில் பணம் கூடிவிடுமா? எய்டெட் தமிழ் மீடியம் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் வழி இருக்கிறது. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறையும். அதுவும் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான். 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதில் எய்டெட் தமிழ் மீடியம் பையன்களுக்கும் இடம் உண்டு, ஆறாம் வகுப்பிலிருந்து அப்படிப் படித்திருக்க வேண்டும். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் அங்கேயும் கல்வி உதவிக்கு எழுதிப்போடுங்கள்.

கட் ஆஃப் 151 வருகிறது (கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி). கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்டில், நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியை மேலே போடுங்கள். தனியார் கல்லூரியைவிட ஃபீஸ் எவ்வளவோ குறைவு. கிடைக்குமா கிடைக்காதா என்று யோசித்துப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் இங்கிலீஷ். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சீட் கிடைத்த பிள்ளைகள் முதல் வருஷத்தில்தான் உடைந்துபோகிறார்கள். கணக்கு தெரியும். ஆனால் போர்டில் எல்லாம் இங்கிலீஷில் ஓடும்போது வாயே திறக்கமாட்டார்கள், கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள், இன்டர்னலில் மார்க் போகும், அரியர் விழும். முதல் வருஷக் கணக்கில் அணிகளும் நுண்கணிதமும் வரும். அணிகள் அவன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம்! அதே புத்தகம் இங்கிலீஷ் மீடியத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி திறக்கும்வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரிந்த கணக்கையே தினமும் கொஞ்சம் இங்கிலீஷில் எழுதிப் பார்க்கட்டும். புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். இப்படிச் செய்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எழுந்து சந்தேகம் கேட்பதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

குலசேகரம் பையன்:
அக்கா, எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். நான் பத்தாவது முடித்து கோணம் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தேன், லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம். செலவு குறைவு, லேப், டிராயிங் எல்லாம் கை பழகிவிடும். ஆனால் முதல் வருஷக் கணக்கு நமக்கு இருக்காது, மூன்றாவது செமஸ்டர் கணக்கு போட்டுத் தாக்கும். பிளஸ் டூ முடித்தவர்களையும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர்ப்பார்கள். கவுன்சிலிங்கில் மனசுக்குப் பிடித்தது வராவிட்டால் இதையும் யோசியுங்கள்.

குளச்சல் அக்கா:
ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். என் நர்சிங் டிப்ளமோவால் தம்பியின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் போய்விடுமா?

தக்கலை கணக்கு வாத்தியார்:
போகாது, டிப்ளமோ பட்டம் இல்லை. இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டும் வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், உங்கள் டிப்ளமோ சான்றிதழ் நகலையும் கொண்டுபோங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பார்த்து முடிக்க நாள் ஆகும். அதனால் டிஎன்இஏ (என்ஜினீயரிங் கவுன்சிலிங்) கடைசித் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.