தினை வைத்தால் காகமும் புறாவும்தான் வருகின்றன

உச்சிப்புளிப் பக்கம், கடலிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. கொல்லையில் இரண்டு பனை, ஒரு வேம்பு, வேலியோரம் சீமைக்கருவேல். சிட்டுக்குருவிக்கும், புல்விதை தின்னும் சின்னஞ்சிறு பறவையான சில்லைக்கும் இரை வைக்கலாம் என்று சித்திரையில் தொடங்கினேன். 4 மாதம் ஆகிவிட்டது. தின்றுவிட்டுப் போவதெல்லாம் காகமும் மாடப்புறாவும்தான்.

முதலில் மண் தட்டில் நொய்யரிசியும் கம்பும் வைத்தேன். காகம் தட்டையே கவிழ்த்துவிட்டது. பிறகு 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் துளையிட்டு, மரக்கரண்டி செருகி, தினை நிரப்பி வேப்பங்கிளையில் தொங்கவிட்டேன். ஆடிக் காற்று அதை ஊஞ்சலாக்கிப் பாதியைத் தரையில் கொட்டியது. கீழே புறாக்களுக்குப் பந்தி. மிச்சம் உப்புக்காற்றின் ஈரத்தில் கட்டிதட்டி, மூன்றாம் நாளே பூசண வாடை அடித்தது. அதை எறிந்துவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். இப்போது நாளுக்கு ஒரு கைப்பிடிதான் போடுகிறேன். கடையில் வாங்கிய கம்பிக்கூடோ துருப்பிடித்துவிட்டது.

சில்லைகள் இங்கே இல்லாமல் இல்லை, அதுதான் எரிச்சல். பத்தடி தள்ளி வேலியோரத்தில், காய்ந்த புல்லின் கதிரை உடல் எடையாலேயே வளைத்து, விதையை ஒவ்வொன்றாக உருவித் தின்கின்றன. பாட்டில் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பூனைத் தொல்லையும் கிடையாது. தண்ணீர்ச் சட்டிக்குத் தவிட்டுக்குருவிகள் வருகின்றன, அவ்வளவே.

காற்றில் ஆடாத, புறா நுழைய முடியாத எந்த வகைத் தீனிப்பெட்டியை, எந்தத் தானியத்துடன் அந்த வேலியோரம் வைத்தால் சில்லைகள் வந்து இறங்கும்?