கம்பெனி பறித்த கப்பல்கள்: கொள்ளையா, சட்டமா?

கப்பல்காரன்:
1672-இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், ஆப்பிரிக்காவில் அடிமையும் தங்கமும் வாங்கிய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தைக் கொள்ளைக்கான லைசென்ஸ் என்றுதான் நான் சொல்வேன். மொராக்கோவின் சாலே பக்கம் தொடங்கி நன்னம்பிக்கை முனை வரைக்கும் உள்ள கடற்கரை முழுக்க ஒரே கம்பெனிக்கு, அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு! வேறு எந்த இங்கிலீஷ்காரன் அடிமை வாங்கவோ தங்கம் வாங்கவோ அங்கே போனாலும் கப்பலோடு பறிமுதல். பறித்ததில் பாதி ராஜாவுக்கு, பாதி கம்பெனிக்கு. கம்பெனியின் கவர்னர் யார்? ராஜாவின் தம்பி ஜேம்ஸ். 1685-இல் அவரே ராஜாவான பிறகும் அந்தப் பதவியை விடவில்லை.

1688-இல் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடியதும்தான் விடிவு வந்தது. அடுத்த வருஷமே நைட்டிங்கேல் எதிர் பிரிட்ஜஸ் வழக்கு. பாராளுமன்றச் சட்டம் இல்லாமல், வெறும் அரச சாசனத்தைக் காட்டி ஒருவனுடைய சொத்தைப் பறிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஹோல்ட் தீர்த்துவிட்டார். தனிமனித உரிமை வரலாற்றில் இது பெரிய வெற்றி. நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்:
யாருடைய உரிமை, கப்பல்காரரே? ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கி விற்கும் உரிமை பறிபோனது என்று அழுதவர்கள் அவர்கள். இதில் "விடிவு" வேறா?

கம்பெனியில் சேராத ஒரு தனி வணிகரின் கப்பல் கரீபியன் தீவான பார்படோஸ் பக்கம் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். கீழ்த்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களை அவிழ்த்து விட்டார்களா? கம்பெனி ஏஜெண்ட் அவர்களைக் கம்பெனிக் கணக்கில் விற்றான். அவர்களைப் பொறுத்தவரை விற்கிற ஆள் மாறினான், அவ்வளவுதான்.

கப்பல்காரன்:
அது தெரியாமலா எழுதினேன்? அடிமை வணிகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பறிமுதல் சட்டப்படி சரியா என்பதுதான் கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

முத்துநகர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பறிமுதல் என்று சாசனத்தில் எழுதுவது வேறு, நடத்திக் காட்டுவது வேறு. கரீபியன் தீவுகளில் தோட்ட முதலாளிகள் எல்லோரும் தனி வணிகர் பக்கம். கம்பெனி அனுப்பும் அடிமைகள் போதவில்லை, விலையும் அதிகம் என்று அவர்கள் ஓயாமல் புகார் செய்துகொண்டிருந்தார்கள். ராத்திரியில் ஆளில்லாத கரையில் படகு ஒதுங்கும். விடிவதற்குள் இறக்கிய அத்தனை பேரும் தோட்டங்களுக்குள் போய்விடுவார்கள். கம்பெனி ஏஜெண்ட் வந்து பார்த்தால் காலிக் கப்பல் நிற்கும்! வழக்குப் போட்டாலும் ஜூரியில் உட்கார்ந்திருப்பது அதே தோட்டக்காரர்கள். போதாததற்கு, சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரிகளில் சிலரே அந்தக் கள்ளப் பயணங்களில் பணம் போட்டிருந்தார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
நன்றி, முத்துநகர். கப்பல்காரரே, சட்டத்தை மட்டும் பேசலாம் என்கிறீர்கள். சரி, அப்படியே பேசுவோம். ஹோல்ட் தீர்ப்பின் விளைவு என்ன? கம்பெனிக்குக் கப்பல் பறிக்கும் துணிச்சல் போனது. 1698-இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கம்பெனியின் கோட்டைகளைப் பராமரிக்க நூற்றுக்குப் பத்து வரி கட்டினால் எந்த இங்கிலீஷ்காரனும் போகலாம். 1712-இல் அந்த வரியும் போனது. இங்கிலாந்தின் துறைமுக ஊர்களான பிரிஸ்டலும் பிறகு லிவர்பூலும் கொழித்தது இதனால்தான். கதவு திறந்த சில வருஷங்களிலேயே தீவுகளுக்குப் போன அடிமைகளில் பெரும்பகுதி தனி வணிகர் கப்பல்களில் போனார்கள். பாராளுமன்றத்துக்கு அவர்கள் கொடுத்த மனுக்களில் இங்கிலீஷ்காரனின் பிறப்புரிமை பற்றித்தான் பேச்சு. நீங்கள் கொண்டாடுகிற வெற்றியால் அதிகமானது சங்கிலிதான்.

கப்பல்காரன்:
அப்படியானால் ஏகபோகமே நீடித்திருக்கலாம் என்கிறீர்களா? 1680 முதல் 1688 வரை கம்பெனி ஏற்றிய சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கடலிலேயே செத்தார்கள். ஏற்றியவர்களின் உடம்பில் கம்பெனி முத்திரையைச் சூட்டுக்கோலால் பதித்தது. குறைவாக ஏற்றியது இரக்கத்தினாலா? கையில் காசில்லை, தோட்டக்காரர்கள் கடனைத் திருப்பவில்லை, அதனால். அரசியலிலும் அது யோக்கியமாக இருக்கவில்லை. 1689-இல் புது ராஜா வில்லியம் வந்ததும் 1,000 பவுன் பங்கு அவர் பெயருக்கு மாறியது. மாற்றிக் கொடுத்தவர் கம்பெனியின் துணை கவர்னர் எட்வர்ட் கோல்ஸ்டன். 2020-இல் பிரிஸ்டலில் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்களே, அந்தச் சிலைக்காரர்.

வடசென்னை வாசகன்:
இந்தச் சண்டை நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே மாதிரி ஏகபோகம்தான். தாமஸ் சாண்டிஸ் என்ற தனி வணிகர்மேல் அது போட்ட வழக்கில், 1685-இல் நீதிபதி ஜெஃப்ரீஸ் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவர் அல்லாதவர்களோடு வியாபாரம் செய்ய ராஜாவின் அனுமதி வேண்டுமாம்! அந்தக் காலத்தில் வங்காளத்தில் கள்ள வியாபாரம் செய்து, ஊர் திரும்பியதும் கைதாகி அபராதம் கட்டியவர் தாமஸ் பிட். அதே ஆளை 1698-இல் அதே கம்பெனி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக அனுப்பியது. 1709 வரை நம்ம சென்னையை ஆண்டார்.

முத்துநகர்:
ஹஹா, பிடிக்க முடியாதவனுக்குப் பதவி.

கப்பல்காரன்:
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹோல்ட் முதலாளிகளுக்காகத் தீர்ப்பு எழுதியவர் இல்லை. 1700-களின் தொடக்கத்தில் ஸ்மித் எதிர் பிரவுன் அண்ட் கூப்பர் வழக்கில், கறுப்பர் இங்கிலாந்து மண்ணை மிதித்த உடனே சுதந்திரர் ஆகிவிடுகிறார் என்று சொன்னவரும் அவரேதான். ராஜாவின் சாசனத்தை உடைத்த மனசும் இதைச் சொன்ன மனசும் ஒன்றுதான்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்த வழக்கை முழுசாகச் சொல்லுங்கள், அண்ணே. லண்டனில் ஒரு கறுப்பரை விற்றதற்கு 20 பவுன் பாக்கி என்று போட்ட வழக்கு அது. நீங்கள் சொன்ன வரியைச் சொன்ன கையோடு, வழக்குப் போட்டவர் மனுவை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்றும் ஹோல்ட் சொல்லிக் கொடுத்தார்: விற்கப்பட்டவர் வர்ஜீனியாவில் இருந்தார், அந்த ஊர்ச் சட்டப்படி அவரை விற்கலாம் என்று எழுதியிருக்க வேண்டுமாம்.