மறு: பேஸ் வெயிட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘அடிப்படை எடை’யைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

இந்த இழையைத் தொடங்கியவன் நான். மலைநடைப் பையில் உணவு, தண்ணீர், எரிபொருள் போக மீதிச் சாமானின் எடையை ஆங்கிலத்தில் பேஸ் வெயிட் என்கிறார்கள். அதற்கு ‘அடிப்படை எடை’ என்று முன்மொழிந்தவனும் நான்தான். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம், ஒரு மடக்கு நாற்காலி.

ஆறு நாள் மலைநடைக்கு நண்பர் ஒருவரும் நானும் கிளம்பினோம். அவருக்கு இது முதல் நெடுநடை என்பதால் பொருட்பட்டியலைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். மேலே கொட்டை எழுத்தில் ‘அடிப்படை எடை 6 கிலோவுக்குள் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி. இரண்டு நாள் கழித்து அழைத்து, “5.8 வந்துருச்சு” என்றார். எனக்கே பொறாமையாக இருந்தது. நடை தொடங்கும் இடத்தில் உணவையும் தண்ணீரையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு அவர் பையைத் தூக்குத் தராசில் மாட்டினால் 9.1 காட்டுகிறது. பையைப் பிரித்துப் பார்த்தோம். கேமராவும் இரண்டு லென்சும் 1.6 கிலோ, நாற்காலி 900 கிராம், பவர் பேங்க் 500, தடித்த நாவல் ஒன்று 300. கூட்டினால் 3.3 கிலோ, கச்சிதமாகப் பொருந்துகிறது.

“இதையெல்லாம் ஏன் சேர்க்கல?” என்று கேட்டேன்.

“அடிப்படைன்னுதானே எழுதியிருந்தீங்க? இதெல்லாம் ஆடம்பரம்தானே?”

என்ன பதில் சொல்வது? அவர் தமிழ் சரி, என் கலைச்சொல்தான் தப்பு. அடிப்படை உரிமை, அடிப்படைத் தேவை, அடிப்படைச் சம்பளம் என்று நாம் புழங்கும் இடமெல்லாம் அந்தச் சொல் ‘இது இல்லாமல் முடியாது’ என்ற பொருளில்தான் வருகிறது. பேஸ் வெயிட்டில் அந்தப் பொருளே கிடையாது. நாற்காலி வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்பதில்லை. பையில் இருக்கிறதா, நடக்க நடக்கத் தீருமா, இந்த இரண்டைத்தான் கேட்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நெடுநடை போகிறவரின் பையில் இரண்டு வகைச் சாமான் உண்டு. உணவு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் மூன்றும் நாளுக்கு நாள் குறையும். கூடாரம், தூங்குபை, பாய், மழைச்சட்டை, பாத்திரம், மருந்துப்பெட்டி, ஏன் பையேகூட, முதல் நாள் இருந்த எடையில்தான் கடைசி நாளும் இருக்கும். இந்த இரண்டாவது வகையின் கூட்டுத்தொகைதான் பேஸ் வெயிட். அதைத் தனியே கணக்கிட ஒரு காரணம் இருக்கிறது. உணவு நாளுக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 3.75 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ, எரிவாயு 100 கிராம். மற்ற சாமான் 6.2 கிலோ என்றால் கிளம்பும்போது தோளில் 12 கிலோவுக்குச் சற்று மேலே. அடுத்த ஊர் இரண்டு நாளில் வந்துவிடும் என்றால் அதே ஆள், அதே சாமான், 10 கிலோகூட இருக்காது. ஆகவே மொத்தத்தை மட்டும் வைத்து ஒருவர் பையை இன்னொருவர் பையோடு ஒப்பிட முடியாது. அந்த 6.2 கிலோ மட்டும் வழி மாறினாலும் மாறாது. வீட்டில் உட்கார்ந்து நாம் முடிவு செய்ய முடிகிற பகுதியும் பெரும்பாலும் அதுதான்.

இனி, வந்த மடல்களுக்கு.

> கிலோகிராமில் சொல்வது நிறை. நியூட்டனில் சொன்னால்தான் எடை. ஆகவே ‘அடிப்படை நிறை’ என்பதே அறிவியல்படி சரி.

ஐயா, பாடநூல்படி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பதுதான் நம்முடைய நிறை, நிறை என்பது நம்முடைய எடை. நிறை என்று எழுதினால் குழுவில் பாதிப்பேர் ஒன்றாகவும் மீதிப்பேர் இன்னொன்றாகவும் படிப்பார்கள். தராசின் முன் நிற்கும் எவரும் எடை போடுகிறேன் என்றுதான் சொல்கிறார். எடு என்பதிலிருந்து வந்தது எடை. தூக்கிக்கொண்டு நடக்கிற விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் இருக்கிறதா? எடையே இருக்கட்டும்.

> வெற்றெடை?

லாரிக்குச் சரி. சரக்கு ஏற்றாத வண்டியின் எடை அது. நம் விஷயத்தில் வெற்றெடை என்றால், ஒன்றும் வைக்காத காலிப் பையின் எடை என்றுதான் யாரும் நினைப்பார்கள். காலிப் பையின் எடையையும் அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதால் அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

> உணவு, தண்ணீர், எரிபொருள்: நுகர்பொருள் எடை. மற்றவை: நுகராப்பொருள் எடை.

நுகர்பொருள் என்றால் காசு கொடுத்து வாங்கும் எல்லாமும்தான் என்று ஆகிவிட்டது. கூடாரமும் கடையில் வாங்கியதுதானே. இதற்குப் பதில் தீர்பொருள் என்று வைக்கலாம், அதன் எடை தீரெடை. வினைத்தொகை என்பதால் தீர்ந்தது, தீர்வது, தீரப்போவது மூன்றும் அதில் அடங்கும். நடையின் நடுவில் பையைத் திறந்து பார்ப்பவருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

> அப்படியானால் மற்றது ‘தீரா எடை’!

இதில் எனக்கும் முதலில் ஆசை வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தீரெடை, தீரா எடை. மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். ஜோடியாக வருகிற இரண்டு சொற்கள் முதல் அசையிலேயே பிரிந்துவிட வேண்டும். தவிர, தீராத நோய், தீராத கடன் வரிசையில் தீரா எடையும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் பரிந்துரை: எஞ்செடை.

எஞ்சு என்ற வினையோடு எடை சேர்ந்தது, இதுவும் வினைத்தொகைதான். உணவு தீர்ந்து, தண்ணீர் தீர்ந்து, அடுப்பும் அணைந்த பிறகு பையைத் தராசில் மாட்டினால் எது எஞ்சுகிறதோ அது. சொல்லிலேயே சோதனை இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பத்தியில் எழுதுவது என்று தடுமாறினால், ‘கடைசி நாள் எஞ்சுமா?’ என்று கேட்டால் போதும். நாற்காலி எஞ்சும். கேமரா எஞ்சும். நாவல் எஞ்சும், படித்து முடித்தாலும்.

எரிவாயுக் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வாயு அடைத்த சின்னக் குப்பியைச் சமையலறைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 200 கிராம் காட்டும். பாதி வாயு, பாதி தகரம். ‘எரிபொருள் கணக்கில் வராது’ என்று படித்த பலர் 200 கிராமையும் கழித்துவிடுகிறார்கள். வாயு தீரும், தகரம் கூடவே வரும். எஞ்செடை என்று சொன்னால் தகரம் எங்கே போக வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பாதி தீர்ந்த குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். வாயு குறையக் குறைய உயரமாக மிதக்கும். தீரெடையையும் எஞ்செடையையும் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உடுத்தியிருப்பவற்றுக்கும் ஒரு சொல் வேண்டும். உடலெடை என்றால் ஆளின் எடை ஆகிவிடும். அணியெடை என்று வைக்கலாம். காலணி, உடை, தொப்பி, கைத்தடி எல்லாம் இதில் வரும். இங்கே ஒரு திருட்டுத்தனம் நடக்கும், நானும் செய்திருக்கிறேன். எஞ்செடையைக் குறைத்துக் காட்ட போன், கத்தி, பவர் பேங்க் மூன்றையும் கால்சட்டைப் பைக்கு மாற்றிவிடுவது. முதுகுப்பை குறையும், சுமப்பவருக்கு என்ன குறையும்? நான் வைத்திருக்கும் விதி இது: சாதாரண வெயில் நாளில் நடந்துகொண்டிருக்கும்போது உடம்பின்மேல் எது இருக்குமோ அதுதான் அணியெடை. மழைச்சட்டை பையில்தான் கிடக்கும், ஆகவே அது எஞ்செடை. அணியெடையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. காலில் கட்டிய எடை முதுகில் இருக்கும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பாக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டுமே. தீரெடை, எஞ்செடை, அணியெடை மூன்றையும் கூட்டினால் முழு எடை. அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

பை, கூடாரம், படுக்கை மூன்றையும் சேர்த்துச் சொல்ல முப்பெருஞ்சுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எடை குறைக்க நினைப்பவர்கள் பல்துலக்கியின் காம்பை அறுப்பதிலிருந்து தொடங்குகிறார்கள், ஐந்து கிராமுக்காக. இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் ஒரு கிலோ குறையும்.

> அல்ட்ராலைட்டுக்குப் பீலிநடை என்று வைத்தால் அழகாக இருக்காதா?

அழகுதான் அக்கா. ஆனால் குறளில் பீலி, அதாவது மயிலிறகு, வண்டியின் அச்சை முறித்த பொருளாயிற்றே. இலேசானதுதானே என்று ஒவ்வொன்றாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை. பீலிநடை என்றால் என் நண்பர் நடந்த நடை. மீயொலி, மீயுரை வரிசையில் மீயிலகு நடை என்று வைப்போம். 4.5 கிலோவுக்குக் கீழே எஞ்செடை இருந்தால் மீயிலகு என்பது வழக்கம். அந்த எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை, அமெரிக்கர்கள் பத்து பவுண்டு என்று முழு எண்ணாக வைத்ததைக் கிலோவாக்கினால் அப்படி வருகிறது. 1990களில் ரே ஜார்டின் என்ற அமெரிக்க நெடுநடையர் இந்த முறையைப் பரப்பினார். அதற்கு வெகுமுன்பே, 1955இல், 67 வயதான எம்மா கேட்வுட் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிப்பை ஒரு தோளில், காலில் கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரை. அவர் பட்டியலை மீயிலகு என்பதா வேறென்ன என்பதா என்று விவாதிக்க அவருக்கு ஒரு குழு இருந்ததாகத் தெரியவில்லை.

எடைபோடுவது பற்றி இரண்டு வார்த்தை. கடைச்சீட்டில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். என் கூடாரத்தின் சீட்டில் 1.2 கிலோ. முளைகள், இழுகயிறுகள், உறைகள் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 1.43. துணியும் கம்பும் மட்டும் சேர்ந்த ‘குறைந்தபட்ச எடை’யைப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசே போதும். தூங்குபை மட்டும் தட்டில் நிற்காமல் வழுக்கி விழும். பெரிய பாத்திரத்தை வைத்து, சுழியாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு அதற்குள் திணியுங்கள். தூக்குத் தராசு முழுப்பைக்குத்தான், கரண்டிக்கு இல்லை.

> எஞ்செடை சரி. உணவு உறைகள்? அவையும் எஞ்சுமே!

நேற்றிரவு வந்த இந்த மடல்தான் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்து நாள் உறைகளைச் சேர்த்துவைத்து எடைபோட்டேன், 110 கிராம். சொல்லின்படி அது எஞ்செடைதான், தப்பிக்க வழியில்லை. ஆனாலும் உணவோடுதான் எழுதப்போகிறேன். எத்தனை நாள் உணவோ அத்தனை உறை, அடுத்த ஊரில் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். குப்பி அப்படியல்ல, எந்த அளவில் வாங்குவது என்று நாமே முடிவு செய்கிறோம். சொல்லில் 110 கிராம் ஓட்டை இருப்பது உண்மை. இதைவிடச் சின்ன ஓட்டையுள்ள சொல் கிடைத்தால் அனுப்புங்கள், மாற்றிவிடலாம்.

திருத்திய பட்டியலை நண்பருக்கு அனுப்பிவிட்டேன், ‘எஞ்செடை 6 கிலோவுக்குள்’ என்று. “நாற்காலி எஞ்சும்ல?” என்று மட்டும் கேட்டார். எஞ்சும் என்றேன். இன்று காலை அவர் அனுப்பிய எண் 7.5. கேமராவை விட்டுவிட்டாராம். நாற்காலி அதில் இருக்கிறது.