புதுப்பிப்பு: அண்ணனின் முழங்கால் வீக்கம்

ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள அண்ணனுக்கு மாற்று மூட்டு வைத்த முழங்கால் வீங்கிச் சுடுகிறது, ரத்தக்கசிவா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 ஊசி போட்டோம். வீக்கம் வடியவில்லை. ஃபேக்டர் ஏற்றிவிட்டு மூட்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள்: ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி.

ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கு மாற்று மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகமாம். நரம்பில் அடிக்கடி ஊசி குத்தும்போது தோலிலுள்ள கிருமி உள்ளே போகலாம்; மூட்டில் தேங்கும் ரத்தத்திலும் அது வளரும். அண்ணி இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவி, ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் ஊசியைத் தொடுகிறார்.

பழைய மாற்று மூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்புச் சிமெண்ட் வைத்திருக்கிறார்கள். கிருமி ஒழிந்தபின் புது மூட்டு. அப்புறம், தயவுசெய்து மூட்டு நீர் எடுக்கும் முன்பே தோட்டத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள், சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம்.