கரூ ஷேலில் இயற்கை விரிசல்களை மாதிரியில் எவ்வாறு சேர்ப்பது?

வினா: ஆய்வு மாணவன், டர்பன்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் உள்ள ஒயிட்ஹில் ஷேலில் (எரிவாயு அடங்கிய களிப்பாறை), நீரை அழுத்திச் செலுத்தி உண்டாக்கும் நீரழுத்த விரிசல் எவ்வாறு பரவும் என்பதைக் கணினி மாதிரியில் ஆராய்ந்து வருகிறேன். கிணற்றின் இருபுறமும் ஒரே தளத்தில் நீளும் விரிசலாகக் கொண்டு, பி.கே.என். (பெர்கின்ஸ்–கெர்ன்–நோர்ட்கிரென்) முறையில் தொடங்கினேன். ஆனால் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகளின் படங்களில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) நிரம்பிய பழைய விரிசல்கள் நெருக்கமாகத் தெரிகின்றன. அவற்றை வாரன்–ரூட் முறையில் இரட்டைத் துளைமையாக, அதாவது பாறைத் துளைகள், விரிசல்கள் என இரு அமைப்புகளாகச் சராசரிப்படுத்தினால் போதுமா, ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைய வேண்டுமா?

மறுமொழி 1: பாறை இயக்கவியல், ஜோகன்னஸ்பர்க்

தம்பி, இவை இரண்டு வெவ்வேறு வினாக்கள். 1963இல் வந்த வாரன்–ரூட் முறை, எரிவாயு பாறையிலிருந்து விரிசலுக்கும் அங்கிருந்து கிணற்றுக்கும் வருவதைக் கணக்கிட உதவும். புதிய விரிசல் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லாது. அதற்கு, பாறையை நெருக்கும் தகைவு திசைக்குத் திசை வேறுபடும் அளவும், புதிய விரிசல் பழையதைச் சந்திக்கும் கோணமும் தேவை.

கையால் போட்டுப் பாருங்கள். பெரிய, சிறிய கிடைத்தகைவுகளின் (கிடைமட்டத் தகைவுகளின்) வேறுபாடு 4 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். புதிய விரிசல் பெரிய கிடைத்தகைவின் திசையில் ஓடும். அதற்கு 30 பாகையில் கிடக்கும் பழைய விரிசலைத் திறக்க, சிறிய கிடைத்தகைவுக்கு மேல் 1 மெகாபாஸ்கல் போதும். 60 பாகையில் கிடந்தால் 3 வேண்டும். நிகர அழுத்தம் (சிறிய கிடைத்தகைவுக்கு மேலான நீரழுத்தம்) 2 என்றால் முதலாவது திறக்கும், இரண்டாவது திறக்காது. ஆனால் உராய்வுக் குணகம் 0.6, ஒட்டுதல் இல்லை என்று கொண்டால், நீர் உள்ளே புகுந்தபின் அந்த இரண்டாவதும் வழுக்கும். வழுக்கிய சுவர்கள் பழையபடி பொருந்தாமல் நிற்பதால் ஊடுருவுதிறன் கூடும். திறப்பை மட்டும் பார்க்கும் மாதிரிகள் இதைத் தவறவிடுகின்றன. கால்சைட் பிடிப்பு வலுவாக இருந்தால் விடை மாறும். ஆகவே ஒட்டுதலுக்கு ஒற்றை எண்ணைத் தராமல் ஒரு வீச்சைக் கொடுங்கள்.

எல்லா விரிசல்களையும் வரைவது வீண் வேலை. பாறைத்தண்டு திசையையும் இடைவெளியையும் காட்டும், நீளத்தைக் காட்டாது. நீளப் பரவலை வெளித்தெரியும் பாறைகளில் அளந்து, புள்ளியியல் முறையில் பல வலையமைப்புகளை உருவாக்கி ஓட்டுங்கள்.

மறுமொழி 2: நிலத்தடி நீர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா சொன்னதோடு டாலரைட்டையும் (பாறைக்குழம்பு உறைந்து உண்டான கருமையான பாறை) சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊடுருவிய அந்தச் சுவர்களும் தகடுகளும் கரூ முழுவதும் குறுக்கிடுகின்றன. டாலரைட் ஷேலைவிட விறைப்பானது. அதன் ஓரத்தில் வெந்துபோன பாறையோ நொறுங்கி விரிசலுற்றிருக்கும். போர்வெல் போடுபவர்கள் தண்ணீருக்காகத் தேடிப் போவதும் அந்த ஓரத்தைத்தான். ஆகவே டாலரைட்டை வெறும் தடுப்புச் சுவராக மாதிரியில் வைத்துவிட்டு, ஓரக் கசிவை விட்டுவிடாதீர்கள். மேலே கிராமங்களும் பண்ணைகளும் குடிக்கும் நீர் இருப்பதால் இது ஆய்வேட்டு நுணுக்கம் மட்டும் அன்று.

வினா எழுப்பியவர்

நன்றி, ஐயா. திரவத்தின் பாகுநிலை எந்த அளவுக்கு மாற்றும்?

மறுமொழி 1

நிறையவே மாற்றும். மெல்லிய நீர் பழைய விரிசல்களுக்குள் எளிதில் நுழைந்து கிளைக்கும். கெட்டியான கூழ், குறிப்பாக வேகமாகச் செலுத்தப்படும்போது, அவற்றைக் குறுக்கே கடந்து செல்லும். கரூவில் வணிக அளவில் நீரழுத்த விரிசல் பணி நடக்காததால், ஒப்பிட நுண்ணதிர்வுத் தரவு (விரிசல் பரவும்போது எழும் சிறு அதிர்வுகளின் பதிவு) இல்லை. அதனால் தகைவு வேறுபாட்டை 1 முதல் 10 மெகாபாஸ்கல் வரை மாற்றி, எந்த எல்லையில் ஒற்றைத் தளம் வலையமைப்பாக மாறுகிறது என்று முதலில் காட்டுங்கள்.