ஃபேக்டரியில ஜப்பான் முறை, நம்ம ஊரு இன்சார்ஜ்: உங்க அனுபவம்?

ஒரகடத்தான்:
காலை உடற்பயிற்சி, 5எஸ் (இடத்தைச் சுத்தமா, ஒழுங்கா வைக்கிறது) எல்லாம் தெரிஞ்சதுதான், விடுங்க. எனக்கு உறுத்துறது அந்த ஆண்டோன் கயிறு. எங்க வண்டி அசெம்ப்ளி லைன்ல 'ஆண்டான் கயிறு'ம்போம். தப்பு கண்ணுல பட்டா யார் வேணா இழுத்து லைனை நிறுத்தலாம்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. மூணாவது மாசம் ஒரு போல்ட்டு மரை சரியா ஏறல, இழுத்தேன். லைட்டு எரிஞ்சு பாட்டு வந்துச்சு. ஜப்பான்காரர் ஓடி வந்து பார்த்துட்டு, எனக்குத் தலை குனிஞ்சு "அரிகாத்தோ"ன்னார், நன்றின்னு. சாயங்காலம் ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டார். "நாலு வண்டி கம்மிடா இன்னைக்கு. கை அரிக்குதோ?" அடுத்த மாசம் அதே ஸ்டேஷன்ல இன்னொரு மரை. பார்த்தேன். இழுக்கல.

கேன்டீன் டோக்கன்:
ட்ரே ஸ்டாண்டை ஒன்றரை அடி தள்ளுனா குனிய வேணாம்னு கைசன் (வேலையைச் சீராக்குற யோசனை) குடுத்தது நான். கான்ட்ராக்ட் ஆளு பேரு ஷீட்ல ஏறாதுன்னு பர்மனென்ட் அண்ணன் பேர்ல போட்டாங்க. மேடையில அவருக்குக் கப்பு. மனுஷன் கூச்சப்பட்டு பஸ்ல என் மடியில வச்சுட்டுப் போனார். எனக்கு மூணு மாசத்துல பிரேக், வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ஸ்டாண்டு இன்னும் அங்கதான் இருக்காம்.

ரிட்டயர்டு குவாலிட்டி:
இரண்டு பேரும் முறையையே குறை சொல்வது சரியல்ல. கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் மூடிய ஆலையை 1984ல் டொயோட்டாவோடு சேர்ந்து 'நும்மி' என்று திறந்தார்கள். பெரும்பாலும் பழைய ஆட்கள், அதே யூனியன். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஆட்குறைப்புக்கு முன் மேனேஜர் சம்பளத்தைக் குறைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 1988ல் விற்பனை படுத்தபோதும் ஆளை அனுப்பவில்லை, உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவ்வளவு ஏன், நம் சென்னை பாடியிலேயே சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கவில்லையா? தம்பிகளுக்குச் சில யோசனைகள். தினமும் டைரி எழுதுங்கள். 'ஹோரென்சோ' பழகுங்கள்: அறிக்கை, தகவல், ஆலோசனை. (அங்கே பசலைக்கீரைக்கும் அதே பெயர்!) முடிந்தால் ஜப்பானிய மொழியில் என்4 நிலைத் தேர்வு எழுதுங்கள், சம்பளம் ஏறலாம். இன்சார்ஜிடம் தனியாக, டீ நேரத்தில் பேசுங்கள். காலையில் வேண்டாம், டார்கெட் டென்ஷனில் இருப்பார். மரை விஷயம் ஃபைனல் செக்கிங்கில் மாட்டியிருக்கும், கவலை வேண்டாம்.

கேன்டீன் டோக்கன்:
நாங்க எங்க சார் முறையைக் குறை சொன்னோம்? அந்த ஒப்பந்தத்துல கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன எழுதியிருந்துச்சு?

ஒரகடத்தான்:
சார், ஃபைனல்ல மாட்டுச்சான்னு கேக்கப் போனா, பார்த்துட்டு ஏன்டா இழுக்கலன்னு கேப்பாங்க. அதான் கேக்கல.