பிரான்சில் பழைய எஸ்யூவி வாங்கப்போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிரான்சுக்குப் போய் இறங்குபவர்கள் முதல் வருஷத்தை மெட்ரோ, பஸ் என்று ஓட்டிவிடுவார்கள். இரண்டாவது குளிர்காலத்தில், கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாப்பில் நடுங்கிய ஒரு சாயங்காலத்துக்கு அப்புறம், "இந்த வண்டி வாங்கலாமா?" என்று எனக்குக் கார் விளம்பரங்களை அனுப்ப ஆரம்பிப்பார்கள். பாரிசுக்கு வடக்கே ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது முத்தியால்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். கேட்கப்படுவது அநேகமாக ஒரே மாதிரி வண்டிதான். சில வருஷம் ஓடிய, குடும்பத்துக்கான நடுத்தர எஸ்யூவி: பெஜோ 3008, 5008, ரெனோ கஜார், நிசான் கஷ்கய், டொயோட்டா ராவ்4, இந்த வகை.

"நல்லா உயரமா, கனமா இருக்கு பெரியப்பா. குழந்தைக்குப் பாதுகாப்புதானே?" என் தம்பி மகன் முதலில் கேட்டது இதைத்தான். இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வண்டி உயர உயர அதன் எடை மையமும் மேலே போகிறது. வேகத்தில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் தாழ்வான காரைவிட இது அதிகம் சாயும். கனம் கூடினால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை கூடும். இதைச் சமாளிக்கத்தான் இ.எஸ்.பி. இருக்கிறது. வண்டி வழுக்க ஆரம்பித்தால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்தை மட்டும் அது தானாகப் பிடிக்கும். ஆனால் தேய்ந்த டயரையும் செத்த ஷாக் அப்சார்பரையும் வைத்துக்கொண்டு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், அந்த ஆள் மற்ற விஷயத்திலும் அப்படித்தான் வண்டியை வைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது நட்சத்திரம். யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பு கார்களை மோதவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. "யூரோ என்கேப் ஐந்து நட்சத்திரம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்த வருஷச் சோதனை என்று பாருங்கள். சோதனை சில வருஷத்துக்கு ஒருமுறை கடினமாகிறது. ரெனோ ஸோயி 2013-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2021-இல் மறுபடி சோதித்தபோது பூஜ்யம். இடையில் பக்கவாட்டு ஏர்பேக்கின் தரத்தையும் குறைத்திருந்தார்கள். பெஜோ 3008 வாங்கிய ஐந்து நட்சத்திரம் 2016-ஆம் வருஷத்துப் பரீட்சைக்கு உரியது. அது நல்ல மதிப்பெண்தான், ஆனால் இன்றைய பரீட்சையில் வாங்கியது ஆகாது. மொத்த நட்சத்திரத்தோடு நிற்காமல், குழந்தைப் பயணி, பாதுகாப்பு உதவிக் கருவிகள் என்ற இரண்டு தலைப்பின் சதவீதத்தையும் தனியாகப் பாருங்கள். நம் குடும்பங்களுக்கு அவை முக்கியம்.

நட்சத்திரம் மாடலுக்குக் கொடுப்பது. நீங்கள் வாங்குவது ஒரு தனி வண்டி. ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இ.எஸ்.பி.யும் டயர் காற்றழுத்த எச்சரிக்கையும் 2014 நவம்பரிலிருந்து கட்டாயம். விபத்து நடந்ததும் தானாக 112-க்கு அழைக்கும் இ-கால், 2018 மார்ச் 31-க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற புது மாடல்களில் கட்டாயமானது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2024 ஜூலையில்தான். ஆக, நீங்கள் தேடும் 2017, 2018, 2019 வண்டிகளில் ஒரே மாடலில் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பல மாடல்களில் முதல் உரிமையாளர் கூடுதல் காசு கொடுத்திருந்தால்தான் உண்டு. விற்பவர் வாய்மொழியை நம்பாதீர்கள். நடுக் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டிக் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். திரை மெனுவில் அந்த வசதியைத் தேடி ஆன் செய்து பாருங்கள்.

அந்தக் கேமரா பற்றி இன்னொன்று. நெடுஞ்சாலையில் கல் தெறித்து முன் கண்ணாடி மாற்றுவது பிரான்சில் சாதாரணம். மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பிடித்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அது சாலைக் கோட்டைத் தள்ளிப் பார்க்கும், தேவைப்படும்போது பிரேக் பிடிக்காமலும் போகலாம். எல்லாக் கண்ணாடியின் ஓரத்திலும் தயாரிப்புக் குறி இருக்கும். முன் கண்ணாடியின் குறி மட்டும் வேறாக இருந்தால் பில்லைக் கேளுங்கள், அதில் கேமரா அளவு பிடித்ததற்கான வரி இருக்க வேண்டும்.

சரி, தம்பி மகன் வண்டி பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை ஒன்பது, இங்கே ஒன்றரை. இலையில் சோறு போட்டாயிற்று, வீடியோ கால் வந்தது. பளபளவென்று ஒரு வெள்ளை வண்டி. "முதல்ல பானட் மேல கையை வை" என்றேன். வைத்தான். "வெதுவெதுன்னு இருக்கு பெரியப்பா." வெளியே இரண்டு டிகிரி குளிர். இவன் வருவதற்கு முன்னால் யாரோ அரை மணி நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். சூடான இன்ஜின் தன் நோயைக் காட்டாது. மறுநாள் காலை வருவதாகவும், அதுவரை வண்டியைத் தொடாமல் வைக்கும்படியும் சொல்லிவிட்டு வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை பானட் ஜில்லென்று இருந்தது. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போர்டை மட்டும் காட்டச் சொன்னேன். எல்லா விளக்கும் எரிந்தது. உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் பலூன் மாதிரி வட்டத்தோடு சிவப்புப் படம் ஒன்று இருக்கும், ஏர்பேக் விளக்கு. அது மட்டும் எரியவே இல்லை. நல்ல வண்டியில் அது எரிந்து, சில விநாடி கழித்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ அடக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து டிரைவர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டைக் காட்டச் சொன்னேன். வண்டி பதிவாகி மூன்று வருஷம் கழித்த தேதி அதில் இருந்தது. பெரிதாக அடிபட்டு, ஏர்பேக் வெடித்து, பெல்ட் மாற்றின வண்டி. விற்றவர் கடைசிவரை "ஒரு கீறல்கூட இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் வீடு திரும்பினான். அன்றைக்குத்தான் எனக்கும் சாப்பாடு இறங்கியது.

பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்கவும் உதவும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது நம் தெருக்களில் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீட்டைத் தேய்த்துக் கழுவிவிடலாம், ஆனால் சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக்கோடு நிற்கும், ஊறல் வாடை வரும். பிரான்சிலும் வெள்ளம் வருகிறது, அந்த வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன.

இன்ஜினில் நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வது பெஜோ, சித்ரோயன் வண்டிகளில் வரும் 1.2 ப்யூர்டெக் பெட்ரோல் இன்ஜினுக்கு. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் அதன் டைமிங் பெல்ட் ரப்பர், ஆனால் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். வீடு, பள்ளிக்கூடம், கடை என்று குறுந்தூரமே ஓட்டினால் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது, அந்தக் கலவை ரப்பரை அரிக்கிறது. உதிர்ந்த துகள் ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைத்து ஆயில் பிரஷரைக் குறைக்கிறது. பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்பிலும் அது சேரும், அப்போது பிரேக் பெடல் கல்லாகும். இன்ஜின் கோளாறு பாதுகாப்புக் கோளாறாகிவிடுகிறது. அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள் என்கிறேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட்டின் முதுகு கண்ணுக்குத் தெரியும். வெடிப்போ, ஓரம் பிசிறு பிசிறாக இருப்பதோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். 2024-இல் கம்பெனி இதற்கான பொறுப்பை 10 வருஷம் அல்லது 175,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. ஆனால் கம்பெனி சொன்ன காலத்தில், சொன்ன எண்ணெயில் சர்வீஸ் செய்த பில் வேண்டும். பில் இல்லாத ப்யூர்டெக் வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2023-இல் வந்த 136 குதிரைத்திறன் ஹைப்ரிட்டில் பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்டுவிட்டார்கள்.

கஜார், கஷ்கய் இரண்டிலும் 2016 வரை வந்த 1.2 டர்போ பெட்ரோல் இன்ஜின் எண்ணெய் குடிப்பதற்குப் பேர் போனது. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், டிக்கியில் பாதி காலியான ஆயில் டப்பா கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல் வேண்டுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போய் வருகிறீர்கள் என்றால் வாங்கலாம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடும் வேகமும் வேண்டும். நகருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் தொட்டியும் செலவு வைக்கக்கூடியது. வண்டி எவ்வளவு மாசுபடுத்தும் என்று காட்டும் கிரிட்ஏர் ஸ்டிக்கரிலும் (எண் குறைந்தால் நல்லது) 2011-க்குப் பிந்தைய பெட்ரோலுக்கு 1, டீசலுக்கு 2 தான்.

ராவ்4 ஹைப்ரிட் பற்றிச் சுருக்கமாக: கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. கெட்டுப்போக அங்கே ஆள் குறைவு. பின் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் சந்து இருக்கிறது. பை, கம்பளி என்று அதை அடைத்து வைக்கக் கூடாது, அதன் ஃபில்டரைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் பின் மோட்டாருக்குப் போகும் கேபிள் இணைப்பில் பச்சையாக அரிப்பு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்து நிற்கும் சைக்கிளுக்கு என்ன ஆகிறதோ, அதுவே அங்கே வண்டியின் அடிப்பக்கத்துக்கு ஆகிறது.

குளிரில் சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை வந்தால் பயப்படாதீர்கள். நீராவிதான், சில நிமிஷத்தில் அடங்கும். அடங்காமல் இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் எரிகிறது.

குழந்தை சீட் விஷயத்தில் ஒரே ஒரு வழிதான்: உங்கள் சீட்டையே கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பிரான்சில் பத்து வயது வரை குழந்தைக்கு உரிய சீட் கட்டாயம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 2017-க்குப் பிந்தைய 5008-ஐச் சொல்வேன். அதன் நடு வரிசையில் மூன்று தனித்தனி சீட், மூன்றிலும் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. மற்ற பல எஸ்யூவிகளில் பின்னால் இரண்டு இடத்தில்தான் அந்தக் கொக்கி இருக்கும், நடுவில் குழந்தை சீட் நுழையாது.

காகிதம். நான்கு வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு, ஆறு மாதத்துக்குள் எடுத்த கொந்த்ரோல் டெக்னிக்கை, அதாவது கட்டாய வாகனச் சோதனைத் தாளை, விற்பவர் தர வேண்டும். அதில் 'பெரிய குறை' என்று எழுதி, சரிசெய்த மறுசோதனைத் தாள் இல்லையென்றால் மேற்கொண்டு பேசாதீர்கள். அதே சமயம், அங்கே எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன டைமிங் பெல்ட்டை அவர்கள் பார்க்கமாட்டார்கள். உள்துறை அமைச்சகத்தின் ஹிஸ்டோவெக் தளத்தில் விற்பவர் காசில்லாமல் ஒரு அறிக்கை எடுத்து உங்களுக்கு லிங்க் அனுப்பலாம். எத்தனை கை மாறியது, கடன் பாக்கி, திருட்டுப் புகார், விபத்து நடைமுறை, சோதனைகளில் பதிவான கிலோமீட்டர் எல்லாம் அதில் வரும். அனுப்ப மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். காரணம் எதுவானாலும் வேண்டாம். சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு, ஏர்பேக் ரீகால் (கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தகாத்தா என்ற ஜப்பான் கம்பெனி செய்த பழைய ஏர்பேக்கின் வெடிமருந்து சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசும். மாற்றித் தருவது இலவசம். வாங்கிய ஒரு மாதத்துக்குள் கார்த் கிரீஸை (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் மட்டும் சாவி கைக்கு வருவதற்கு முன்பே வேண்டும்.

தம்பி மகன் அப்புறம் ஆறு வாரம் தேடினான். மருமகளுக்குக் கோபம்தான், குளிரில் குழந்தையோடு அலைவது அவர். ஏழாவது வாரம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வண்டி கிடைத்தது. ஒன்பது சர்வீஸ் பில்லையும் தேதி வாரியாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். பானட் ஜில்லென்றிருந்தது, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது.

நீங்கள் எனக்கு அனுப்பும்போது விளம்பரப் படம் வேண்டாம். கார்த் கிரீஸில் பி கட்டத்தில் முதல் பதிவுத் தேதி, ஈ கட்டத்தில் சேசிஸ் நம்பர், வி.9 கட்டத்தில் யூரோ தரம் இருக்கும். அந்த மூன்றும், கடைசி கொந்த்ரோல் டெக்னிக்கும், ஆயில் மூடி வழியாக டார்ச் அடித்து எடுத்த ஒரு படமும் போதும். மதியம் இரண்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன்.